மெண்டோசினோவின் ரெட்வுட் ஆலயம்: ஊரே பலகை அறுத்தபோது கட்டி முடிக்க ஒன்பது வருஷம் ஏன்?

#1 | கயல்_கலிபோர்னியா

பழைய தேவாலயங்கள் பற்றிய இழையில் கல் கோபுரங்களாகவே வந்துகொண்டிருக்கின்றன. மரம் வெட்டிப் பிழைத்த ஒரு சின்ன ஊரின் மர ஆலயத்துக்குத் தனி இழை போடுகிறேன். அங்கே தொடங்கினால் இழை திசைமாறிப் போய்விடும்.

ஊர் மெண்டோசினோ. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே சுமார் 150 மைல், பசிபிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை மேட்டில் இருக்கிறது. தெற்கிலிருந்து பிக் ரிவர் பாலத்தைத் தாண்டும்போதே மேட்டின் விளிம்பில் வெள்ளைக் கோபுரம் கண்ணில் படும். அதுதான் பிரஸ்பிட்டேரியன் ஆலயம். கலிபோர்னியாவின் வரலாற்றுச் சின்னங்கள் பட்டியலில் 714ஆம் எண். மாநிலத்தில் இன்றுவரை இடைவிடாமல் ஆராதனை நடந்துவரும் மிகப் பழைய புராட்டஸ்டண்ட் ஆலயங்களில் ஒன்று.

சபை அமைந்தது 1859 நவம்பர் 6. ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது 1868 ஜூலை 5. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. சுற்றிலும் ரெட்வுட் காடு, ஆற்றங்கரையில் அறுப்பு மில், ஊரில் பாதிப் பேருக்கு ரம்பம்தான் சோறு போட்டது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மரக்கட்டடம் எழும்ப ஏறத்தாழ ஒன்பது வருஷம் ஆகியிருக்கிறது. அது ஏன் என்பதுதான் என் கேள்வி. என் பதிலைப் பிறகு சொல்கிறேன். முதலில் ஊர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அதுவே ஒரு கதை.

1850 ஜூலை 25 இரவு, மெண்டோசினோவுக்கு வடக்கே கப்ரியோ முனைக்குப் பக்கத்தில் ஃப்ராலிக் என்ற பாய்மரக் கப்பல் பாறையில் மோதியது. சீனாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குச் சரக்கு ஏற்றி வந்த கப்பல். பீங்கான் கிண்ணங்கள், பட்டு, அரக்குப் பூச்சுச் சாமான்கள், கற்பூர மரப் பெட்டிகள், பீர் பாட்டில்கள். தங்க வேட்டையில் திடீர்ப் பணம் பார்த்தவர்களுக்கு விற்க வந்த பொருட்கள்.

அந்தக் கப்பலின் பழைய தொழில் வேறு. 1844இல் பால்டிமோரில் கட்டப்பட்டதே பம்பாயிலிருந்து சீனாவுக்கு அபின் ஏற்றத்தான். முதலாளிகள் பாஸ்டனைச் சேர்ந்த அகஸ்டின் ஹேர்ட் கம்பெனி. நீராவிக் கப்பல்கள் அபின் வியாபாரத்தைப் பிடித்துக்கொண்டதும் இதைச் சரக்குக் கப்பலாக்கினார்கள். அந்தப் புது வேஷத்தின் முதல் பயணத்திலேயே உடைந்தது. மாலுமிகளில் இந்திய லஸ்கார்கள், மலாய்க்காரர்கள், சீனர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

செய்தி சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே ஹென்றி மெய்க்ஸ் என்ற மர வியாபாரி, மிஞ்சிய சரக்கை அள்ளிவர ஜெரோம் ஃபோர்ட் என்பவரை 1851இல் அனுப்பினார். ஃபோர்ட் வருவதற்குள் அந்த மண்ணின் மக்களான போமோக்கள் வேண்டியதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். போமோப் பெண்கள் சீனப் பட்டுத்துணியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள் என்று சொல்வார்கள். ஃபோர்டுக்குச் சரக்கு கிடைக்கவில்லை. ஆனால் வழி நெடுக அவர் பார்த்த மரங்களை மெய்க்ஸிடம் போய்ச் சொன்னார். மறு வருஷமே கிழக்குக் கரையிலிருந்து இயந்திரங்கள் கப்பலில் வந்து இறங்கின. 1852இல் மேட்டின் முனையில் முதல் மில். ஊருக்கு ஆரம்பத்தில் மெய்க்ஸ்வில் என்றுகூடப் பெயர் இருந்தது.

#2 | அரைகுறை_ஆறுமுகம்

அபின் கப்பல் உடைந்து, பட்டு தேடி வந்தவன் மரம் பார்த்து, கடைசியில் சர்ச்! கயல் அக்கா, இதை யாராவது கதையாக எழுதினால் நம்பவே மாட்டோம்.

அந்த மெய்க்ஸ் என்ன ஆனார்?

#3 | கயல்_கலிபோர்னியா

ஓடிப்போனார் ஆறுமுகம். சான் பிரான்சிஸ்கோ நகராட்சியில் செல்வாக்கான ஆள் அவர். கடனைச் சமாளிக்க நகராட்சிப் பத்திரங்களில் கைவரிசை காட்டி, 1854 அக்டோபரில் குடும்பத்தோடு கப்பலேறி சிலிக்குத் தப்பினார். அங்கிருந்து பெரு. ஆண்டிஸ் மலைமேல் ரயில் பாதை போட்டு மறுபடி கோடீஸ்வரராகி, 1877இல் லிமாவில் இறந்தார். இங்கே மில்லைக் கட்டி இழுத்தது ஃபோர்டும் கூட்டாளிகளும்தான். ஃபோர்ட் 1854இல் கட்டிய வீடு இன்னமும் மெயின் தெருவில் இருக்கிறது. அதைச் சின்ன அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

#4 | மரவாடி_முருகேசன்

கயல் அம்மா, அருமையான இழை. நாற்பது வருஷமாக மரவாடி நடத்துகிறவன் என்ற முறையில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம்.

முதலில் ஒன்று, இந்த ரெட்வுட்டுக்கும் நம் ஆந்திர எல்லைச் செம்மரத்துக்கும் எந்த உறவும் இல்லை. செம்மரம் இரும்பு மாதிரி கனக்கும். ரெட்வுட் லேசான மரம், இழைப்புளி போட்டால் சுருள் சுருளாக வரும். நேர் ரேகை, முடிச்சு குறைவு. கலிபோர்னியாக் கரையோரப் பனிமூட்டத்தில் வளர்ந்து 100 மீட்டருக்கு மேல் போகும் மரம் என்பதால் முடிச்சே இல்லாத நீளப் பலகை எடுக்கலாம். தேக்கில் கனவுகூடக் காண முடியாது.

பிசின் குறைவு, அதனால் தீ சட்டென்று பற்றாது. வயிரப்பகுதியில் துவர்ப்புச் சத்து அதிகம், அதனால் கரையானும் உளுப்பும் சீக்கிரம் அண்டாது. 1868இல் கட்டிய மரக்கட்டடம் கடற்காற்றில் இன்னும் நிற்கிறது என்றால் பாதிப் பெருமை அந்தத் துவர்ப்புக்குத்தான். ஆனால் அதே துவர்ப்பு சாதா இரும்பு ஆணியைச் சும்மா விடாது. ஈரம் பட்டால் ஆணியைச் சுற்றிக் கறுப்பாகக் கசிந்து இறங்கும். வெள்ளை அடித்த சுவரில் அது அசிங்கமாகத் தெரியும். நேரில் போகிறவர்கள் யாராவது ஆணித்தலைகளைக் கிட்டப் போய்ப் படம் எடுத்துப் போடுங்கள்.

ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய மரத்தை அந்தக் காலத்தில் எப்படி வெட்டி, எப்படி மில்லுக்குக் கொண்டுவந்தார்கள்? அதைவிட, துறைமுகமே இல்லாத பாறைக் கரையில் பலகையைக் கப்பலில் ஏற்றியது எப்படி?

#5 | கயல்_கலிபோர்னியா

முருகேசன் ஐயா, உங்களிடமிருந்து இந்தக் கேள்வி வருமென்று எதிர்பார்த்தேன்.

ரெட்வுட்டின் அடி பருத்து வீங்கியிருக்கும், அங்கே வெட்டினால் வேலை இரட்டிப்பு. ஆள் உயரத்துக்கும் மேலே மரத்தில் பள்ளம் கொத்தி, அதில் ஒரு பலகையைச் செருகி, அதன்மேல் இருவர் ஏறி நின்று எதிரெதிராகக் கோடாலி போடுவார்கள். ஆரம்பக் காலங்களில் சாய்ப்பது முழுக்கக் கோடாலியால்தான். நீள ரம்பம் விழுந்த மரத்தைத் துண்டு போடுவதற்கு. மரம் லேசானது என்றீர்களே, நொறுங்கவும் கூடியது. தப்பான இடத்தில் விழுந்தால் ஆயிரம் வருஷத்து மரம் சிம்பு சிம்பாகத் தெறித்துவிடும். அதனால் விழப்போகும் இடத்தில் கிளையும் மண்ணும் போட்டு மெத்தை அமைத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

விழுந்த மரத்தின் பட்டையை உரித்து, கழிவுக் கிளைகளுக்குத் தீ வைப்பார்கள். அடிமரம் தப்பிவிடும். பிறகு கட்டைகளைத் திருகு ஜாக்கியால் புரட்டியும், ஏழெட்டு ஜோடி மாடு பூட்டி இழுத்தும் ஆற்றுக்குக் கொண்டுவருவார்கள். மில் ரம்பத்துக்கு அடங்காத பருமன் என்றால் வெடிமருந்து வைத்துப் பிளப்பதும் உண்டு.

அப்புறம் மழைக்காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். வெள்ளம் வந்தால்தான் கட்டை நகரும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல் பிற்பாடு பிக் ரிவரிலும் அதன் ஓடைகளிலும் மர அணைகள் கட்டினார்கள், இருபதுக்கும் மேல். தண்ணீரைத் தேக்கி, அணையை ஒரேயடியாகத் திறந்துவிட்டால் கட்டைகள் முட்டி மோதிக்கொண்டு கீழே போகும். ஆற்றின் அடியைச் சுரண்டி, சால்மன் முட்டையிடும் சரளைக் கற்களையும் அது வாரிக்கொண்டு போனது. அந்தச் சேதம் இன்றும் முழுதாகச் சரியாகவில்லை.

கப்பல் ஏற்றுவதுதான் உச்சம். அந்தக் கரையில் சின்னச் சின்னக் குடாக்கள். ஒரு நாய் உள்ளே போய்த் திரும்பத்தான் இடம் இருக்கிறது என்று மாலுமிகள் கேலி செய்ய, நாய்ப்பொந்துத் துறைமுகங்கள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரண்டு பாய்மரம் கொண்ட சிறு கப்பல் பாறைக்கு அருகில் வந்து பல பக்கமும் கயிறு கட்டி நிற்கும். மேட்டிலிருந்து கடலுக்கு மேலே ஒரு மரச் சறுக்குத் தொட்டி தொங்கும். பலகை ஒவ்வொன்றாக அதில் சறுக்கி வரும். நுனியில் கீல் வைத்த ஒரு மரத்தட்டு, அதுதான் பிரேக். அதைப் பிடித்திருக்கும் ஆள் அலையில் கப்பல் எழும்புவதையும் இறங்குவதையும் பார்த்து அழுத்த வேண்டும். அரை நொடி பிந்தினால் பலகை கீழே நிற்பவன் மேல் பாயும். நிற்கும் பலகையைத் தளத்தில் உள்ளவர்கள் கையால் பிடித்து அடுக்குவார்கள். காற்று மாறினால் கயிற்றை வெட்டிவிட்டுக் கடலுக்கு ஓட வேண்டியதுதான். உடைந்த கப்பல்கள் கணக்கில் அடங்காது.

இப்போது ஒன்பது வருஷக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பலகை ஒவ்வொன்றும் சான் பிரான்சிஸ்கோவில் காசு. அந்த நகரம் 1849க்கும் 1851க்கும் இடையில் திரும்பத் திரும்ப எரிந்து, திரும்பத் திரும்பக் கட்டப்பட்டது, அதன் பிறகும் வளர்ந்துகொண்டே போனது. நல்ல பலகை ஊரில் தங்கவில்லை, கப்பலேறிவிட்டது. மரம் அறுக்கும் ஊரில் மரம் மலிவாகக் கிடைக்கும் என்று நாம் நினைப்பதுதான் பிசகு. அங்கே மரம் என்பதே விற்றுமுதல். ஆலயத்துக்கு என்று எடுத்து வைக்கும் ஒவ்வொரு கட்டும் யாரோ ஒருவரின் கணக்கில் நஷ்டம்.

#6 | ஜெபராஜ்_பாளையங்கோட்டை

கயல் சகோதரி, உங்கள் விளக்கம் சரிதான், ஆனால் பாதிதான். நான் சபை மூப்பர் வீட்டுப் பிள்ளை. ஆலயம் கட்டுவது பலகையால் அல்ல, குடும்பங்களால்.

பிரஸ்பிட்டேரியன் என்றாலே மூப்பர்கள் நடத்தும் சபை. பிஷப் மேலிருந்து பணம் அனுப்பிக் கட்டிக் கொடுக்கும் முறை அதில் கிடையாது. உள்ளூரில் நிலையாகத் தங்குகிற, காணிக்கைக்குப் பொறுப்பேற்கிற வீடுகள் வேண்டும். 1850களின் மரவெட்டு ஊரில் யார் இருந்திருப்பார்கள்? கல்யாணம் ஆகாத ஆண்கள். காட்டுக்குள் முகாமில் இருப்பார்கள், சம்பளம் வாங்கியதும் ஊருக்கு வருவார்கள், வேறு மில்லில் அரை டாலர் கூட என்றால் அங்கே போய்விடுவார்கள். அவர்களை வைத்து ஒரு நல்ல கூட்டம் நடத்தலாம், சபை நடத்த முடியாது. பெண்களும் பிள்ளைகளும் வந்து, ஞாயிறு பள்ளி என்று ஒன்று தொடங்கி, தங்கள் பிள்ளைக்கு இங்கேதான் ஞானஸ்நானம், இங்கேதான் கல்யாணம் என்று நாலு வீட்டுக்காரர்கள் முடிவு செய்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டுவார்கள். எங்கள் பக்கத்திலும் ஓலைக் கூரைக்குக் கீழே இருபது வருஷம் ஆராதித்துவிட்டு ஓட்டுக் கட்டடத்துக்குப் போன சபைகள் எத்தனையோ. ஒன்பது வருஷம் என்பது என் கணக்கில் சீக்கிரம்தான்.

கட்டிட வரைபடம் போட்டது யார்? உள்ளூர்த் தச்சரா?

#7 | இரா_வேலன்

எல்லோரும் பலகைக் கணக்கும் காணிக்கைக் கணக்கும் பார்க்கிறீர்கள். நிலக் கணக்கை யாரும் தொடவில்லை.

கயல் போகிற போக்கில் போமோ மக்கள் பட்டுத்துணியைப் போர்த்தினார்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிவிட்டார். பிறகு என்ன ஆனார்கள்? 1850இல் கலிபோர்னியா சட்டசபை பூர்வகுடிகளின் பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு சட்டம் போட்டது. அதன் கீழ் அவர்களை, பிள்ளைகள் உட்பட, வெள்ளைக்காரர்களின் வேலைக்குக் கட்டிப்போட முடியும். 1856இல் நோயோ ஆற்றுப் பக்கம் மெண்டோசினோ ரிசர்வேஷன், அதாவது பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நிலப்பகுதி, அமைத்து மக்களைக் கொண்டுபோய் அடைத்தார்கள். 1857இல் அவர்களைக் காவல் காக்க ஒரு ராணுவ முகாம், அதுதான் இன்றைய ஃபோர்ட் பிராக் ஊர். மரக் கம்பெனிகளுக்கு அந்த இடமும் தேவைப்பட்டது. 1866இல் ரிசர்வேஷனை மூடிவிட்டு, மிஞ்சியவர்களை மலைக்கு அப்பால் ரவுண்ட் வேலிக்கு அனுப்பினார்கள்.

தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சபை அமைந்தபோது பத்து மைல் வடக்கே மக்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். அவர்களை வெளியேற்றி இரண்டே வருஷத்தில் ஆலயப் பிரதிஷ்டை. அந்த மில்லில் வந்த லாபத்தில் பங்கு இல்லாமல் அந்தக் கூரை எழும்பியிருக்க முடியுமா?

இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை குடிக்காத தொழிலாளி திங்கட்கிழமை ஒழுங்காக வருவான். முதலாளிகள் ஆலயத்தை விரும்பியதற்கு அது போதும்.

#8 | அரைகுறை_ஆறுமுகம்

வேலன் அண்ணன் வந்தாச்சு, இனி இழை சூடு பிடிக்கும் 🙂

#9 | கயல்_கலிபோர்னியா

வேலன், நிலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பே இல்லை. நல்லவேளை யாராவது எழுதினீர்கள். ஒன்றைச் சேர்க்கிறேன். ஃப்ராலிக்கின் சரக்கு எங்கே போனது என்ற கதையே போமோக்களின் மண்ணிலிருந்துதான் மறுபடி வெளியே வந்தது. 1984இல் தாமஸ் லேட்டன் என்ற தொல்லியல் பேராசிரியர் மாணவர்களோடு உள்நாட்டில், வில்லிட்ஸ் பக்கம் ஒரு பழைய போமோக் குடியிருப்பைத் தோண்டினார். சீனப் பீங்கான் ஓடுகள் வந்தன. சில ஓடுகளைத் தேய்த்து மணிகளாக்கியிருந்தார்கள். பச்சைப் பாட்டில் கண்ணாடியைச் செதுக்கி அம்பு முனை செய்திருந்தார்கள். காட்டுக்குள் சீனக் கிண்ணம் எப்படி என்று துருவிப் போய்த்தான் அவர் கப்பலையும் அபின் கணக்கையும் பிடித்தார். இன்னும் பின்னால் போனால், அந்தக் கப்பலைக் கட்டிய பால்டிமோரின் கார்ட்னர் பட்டறைக் குடும்பத்திடம்தான், அப்போது அடிமையாக இருந்த இளைஞன், பின்னாளில் அடிமை ஒழிப்புத் தலைவரான ஃபிரடெரிக் டக்ளஸ், ஒரு காலத்தில் வேலை கற்கப் போய் வெள்ளைத் தொழிலாளிகளிடம் அடிபட்டார்.

ஆனால் முதலாளி தொழிலாளியை அடக்கத்தான் ஆலயம் என்ற வாதம் இந்த ஊருக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அடங்கவில்லையே! ஊரின் ஒரு பக்கத்துக்கு ஃபியூரி டவுன் என்று பெயர். மதுக்கடைகளும் மற்றதும் அங்கேதான். ஆலய மணி அடித்த அதே ஊரில் அந்தத் தெருவும் அமோகமாக ஓடியது. தவிர, எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழேயும் வரவில்லை. அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்த போர்ச்சுகீசியர்கள் கத்தோலிக்கர்கள், அவர்களுக்குத் தனி ஆலயம். வில்லியம் கெல்லி என்ற பணக்காரரின் மனைவி பாப்டிஸ்ட், அவருக்காகக் கணவர் ஒரு பாப்டிஸ்ட் ஆலயத்தையே கட்டினார். அந்தக் கட்டடத்தில் இப்போது இயற்கை உணவுக் கடை நடக்கிறது. ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தாருக்குத் தனி மண்டபம், அதன் உச்சியில் ஒற்றை ரெட்வுட் கட்டையில் செதுக்கிய சிலைகள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அல்பியன் தெருவில் உள்ள குவான் தாய் கோயில். பெரிய அறை அளவுதான், சிவப்பு வண்ணம். சீனத் தொழிலாளிகளின் கோயில். 1854 வரை பின்னால் போகலாம் என்பது மரபு, ஆவணத்தில் 1883 முதல் இருக்கிறது. அதுவும் மாநில வரலாற்றுச் சின்னம், 927ஆம் எண். அதுவும் ரெட்வுட்தான்.

ஜெபராஜ் அண்ணா, குடும்பக் கணக்கு நியாயமானது. என் பலகைக் கணக்கோடு சண்டை போடவில்லை, இரண்டும் சேர்ந்துதான் ஒன்பது வருஷம். வரைபடம் உள்ளூர் ஆள் அல்ல, சான் பிரான்சிஸ்கோவின் எஸ்.சி. பக்பி நிறுவனம்.

#10 | மழைக்காடன்_சியாட்டில்

வேலன் தேடுகிற ஊர் மெண்டோசினோ இல்லை, எங்கள் பக்கம் இருக்கிற போர்ட் கேம்பிள். வாஷிங்டன் மாநிலம், பியூஜெட் சவுண்ட் கடற்கழி.

1853இல் போப், டால்பட் என்ற கூட்டாளிகள் அங்கே மில் வைத்தார்கள். சொந்த ஊர் மெய்ன் மாநிலத்து ஈஸ்ட் மச்சையஸ். அங்கே முழுக்க முழுக்கக் கம்பெனி ஊர். வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, தெரு கம்பெனியுடையது. ஆலயமும் அப்படியே. 1879இல் எழும்பிய செயின்ட் பால்ஸ் ஆலயம், ஈஸ்ட் மச்சையஸில் அவர்கள் விட்டுவந்த ஆலயத்தின் நகல். ஒரு நாட்டின் கிழக்குக் கோடியில் பார்த்த கூம்பை மேற்குக் கோடியில் அப்படியே நிறுத்தியிருக்கிறார்கள். வீடுகளும் மெய்ன் பாணிதான்.

அங்கே இருந்த ஸ்கல்லம் பூர்வகுடிகளை விரிகுடாவின் எதிர்க்கரைக்கு மாற்றினார்கள். பலரும் அங்கிருந்து இக்கரை மில்லுக்கு வேலைக்கு வந்து போனார்கள். அவர்களுக்கு என்று ரிசர்வேஷன் நிலம் வந்தது 1938இல்தான். மில் 1995இல் மூடியது. 142 வருஷம், அமெரிக்காவில் நிறுத்தாமல் ஓடிய மில்களில் மிக நீண்ட ஆயுள் என்பார்கள். ஊர் முழுவதும் 1966 முதல் தேசிய வரலாற்றுச் சின்னம்.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான். போர்ட் கேம்பிளில் கோபித்துக்கொண்டு வேறு ஆலயம் கட்ட முடியாது, நிலமே கம்பெனியுடையது. மெண்டோசினோவில் பாப்டிஸ்ட் மனைவி தனி ஆலயம் கேட்டால் கணவர் கட்டித்தர முடிந்தது, சீனர்கள் தங்கள் கடவுளுக்கு ஒரு மூலையில் இடம் பிடிக்க முடிந்தது. நிலம் பல கைகளில் இருந்ததால்தான் ஊரில் இத்தனை வழிபாட்டு இடங்கள்.

#11 | இரா_வேலன்

மழைக்காடன் சொல்வது நல்ல வேறுபாடு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பல கைகளில் இருந்த நிலம் முதலில் யார் கையிலிருந்து போனது என்பது இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். தனி ஆலயம் கட்ட முடிந்த சுதந்திரம் பின்னால் வந்தவர்களுக்கு. அந்த அளவில் என் வாதத்தை வைத்துக்கொள்கிறேன்.

#12 | மரவாடி_முருகேசன்

பக்பி என்ற பெயரைப் பார்த்ததும் தேடிப் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோ நாப் ஹில்லில் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட், சார்லஸ் கிராக்கர் ஆகிய ரயில்வே கோடீஸ்வரர்களுக்கு 1870களில் மாளிகை கட்டிக் கொடுத்தவர்கள் இதே ஆட்கள்தான். இரண்டு மாளிகையும் 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் சாம்பல். அதே ஆட்கள் வரைந்த கிராமத்து ஆலயம் தாக்குப் பிடித்திருக்கிறது!

அந்த ஊரிலும் தீ விபத்துகள் வந்திருக்க வேண்டுமே? மில் ஊர், மரத்தூள், அடுப்பு, விளக்கு... எங்கள் மரவாடிக்கே இன்ஷூரன்ஸ்காரன் ஆயிரம் கேள்வி கேட்கிறான்.

#13 | கயல்_கலிபோர்னியா

வந்தது ஐயா. 1870இல், ஆலயத்துக்கு இரண்டு வயதானபோது, மெயின் தெருவில் பெரும் தீ, வரிசையாகக் கடைகள் போயின. ஆலயம் கிழக்குக் கோடியில் தள்ளி நிற்கிறது. ஊர் முழுக்க இன்று காணும் உயரமான மரத் தண்ணீர்த் தொட்டிகளைப் பார்த்தால் அந்தப் பயம் புரியும். பொதுக் குழாய் கிடையாது, வீட்டுக்கு வீடு கிணறும் தொட்டியும்தான்.

1906 நிலநடுக்கம் இந்தக் கரையையும் பலமாக உலுக்கியது, ஃபோர்ட் பிராக்கில் செங்கல் கட்டடங்கள் சரிந்தன. ஆனால் அதே நிலநடுக்கம்தான் மில்களுக்கு வேலையையும் கொடுத்தது. எரிந்த சான் பிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்ட ரெட்வுட் வேண்டுமே.

பிறகு இறக்கம்தான். எட்டும் தூரத்தில் மரம் தீர்ந்தது, 1930களின் பொருளாதார வீழ்ச்சி வேறு. அந்தப் பத்தாண்டின் கடைசியில் மெண்டோசினோ மில் நின்றது. வேலை தேடி ஆட்கள் வெளியேற, பெயின்ட் அடிக்கக்கூடக் காசில்லாமல் ஊர் சாம்பல் நிறமாகிப் போனது. இடிக்கவும் காசில்லை, புதிதாகக் கட்டவும் காசில்லை, அதனால் பழைய ஊர் அப்படியே தங்கிவிட்டது. 1959இல் பில் ஸாக்கா என்ற ஓவியர் இங்கே கலை மையம் தொடங்கினார். ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்தார்கள். கடல் மேட்டில் வீடு கட்ட மனை போடும் பேச்சு வந்தபோது ஊர்க்காரர்கள் போராடி அதை மாநிலப் பூங்காவாக்கினார்கள். 1971இல் ஊரே தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் ஏறியது. 2002இல் பிக் ரிவர்ப் பள்ளத்தாக்கில் 7,000 ஏக்கருக்கு மேல் மரக் கம்பெனியிடமிருந்து வாங்கி அதையும் பூங்காவோடு சேர்த்தார்கள்.

சபைக்கு இதெல்லாம் என்ன அர்த்தம் என்றால், பெஞ்சில் உட்காரும் ஆட்கள் முழுக்க மாறிவிட்டார்கள். மில் குடும்பங்கள் போய், ஓய்வு பெற்றவர்களும் விடுதி நடத்துகிறவர்களும் வந்தார்கள். ஆராதனை மட்டும் விடாமல் நடந்திருக்கிறது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். அருங்காட்சியகமாக மாற்றிக் கண்ணாடிக்குள் வைத்துப் பாதுகாப்பதைவிட, வாராவாரம் கதவு திறந்து ஒழுகும் கூரையைச் சரிபார்ப்பது கட்டடத்துக்கு நல்லது.

#14 | ஜெபராஜ்_பாளையங்கோட்டை

கடைசிப் பத்திக்கு ஆமென். பூட்டி வைத்த ஆலயத்தில் வௌவால் குடியேற ஒரு மழைக்காலம் போதும், கமிட்டியில் இருந்த எனக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம், கலிபோர்னியாவின் பழைய ரெட்வுட் ஆலயம் இதுதானா?

#15 | மழைக்காடன்_சியாட்டில்

இல்லை அண்ணா. மெண்டோசினோவுக்குத் தெற்கே ஃபோர்ட் ராஸ் இருக்கிறது. ரோமத்துக்காகக் கடல் நீர்நாய் வேட்டையாட வந்த ரஷ்யர்களின் கோட்டை. அங்கே 1820களிலேயே ரெட்வுட்டில் ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். 1906 நிலநடுக்கத்தில் சரிந்து, திரும்ப நிறுத்தி, 1970இல் தீயில் போய், மறுபடி கட்டியது. ஆகவே காலத்தால் அது மூத்தது, ஆனால் இப்போது நிற்பது புதிய மரம்.

#16 | அரைகுறை_ஆறுமுகம்

அக்கா, அடுத்த மாதம் சான் ஹோசேவில் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். மெண்டோசினோ போய்வர ஒரே நாள் போதுமா? முருகேசன் ஐயாவுக்கு ஆணித்தலைப் படம் எடுத்துத் தருகிறேன்.

#17 | கயல்_கலிபோர்னியா

ஒரே நாளில் போய்வந்தால் காரில் உட்கார்ந்ததுதான் மிச்சம். ஒரு இரவு தங்குங்கள். போகும்போது 101இல் போய் 128 வழியாகக் கடற்கரைக்கு இறங்குங்கள், கடைசிச் சில மைல் ரெட்வுட்டுக்கு நடுவே போகும். திரும்பும்போது கடலோர 1ஆம் நெடுஞ்சாலையில் வந்தால் ஃபோர்ட் ராஸையும் பார்த்துவிடலாம், வளைவு அதிகம், வாந்தி வருகிறவர்கள் மாத்திரை போட்டுக்கொள்ளவும். கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். ஆலயத்தின் உள்ளே பார்க்க ஞாயிறு காலை போவதே நிச்சயம். ஆராதனை முடியும்வரை கேமராவை வெளியே எடுக்காதீர்கள்.

#18 | மரவாடி_முருகேசன்

தம்பி, ஆணி மட்டும் போதாது. உள்ளே கூரைக் கைமரமும் உத்திரமும் சேரும் இடத்தைக் கீழிருந்து ஒரு படம். துளையும் கழுந்துமா, போல்ட்டா என்று தெரிய வேண்டும். வெளியே தென்புறச் சுவரில், கடற்காற்று நேராக அடிக்கிற பக்கம், தரையோடு ஒட்டிய பலகையை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் அது உளுத்துப்போன மரம்.

#19 | அரைகுறை_ஆறுமுகம்

ஞாயிற்றுக்கிழமை சர்ச் சுவரை விரலால் அழுத்திக்கொண்டு நின்றால் போலீஸைக் கூப்பிட மாட்டார்களா ஐயா?

#20 | ஜெபராஜ்_பாளையங்கோட்டை

முதலில் உள்ளே போய் உட்கார்ந்து பாட்டுப் பாடிவிட்டு, பிறகு வெளியே வந்து அழுத்து. காபி கொடுக்கும்போது விஷயத்தைச் சொன்னால் மூப்பரே கூட வந்து காட்டுவார்.